அம்பு பட்ட அரசருடன் இருந்தது யார்?

கதை படித்தால் சிலருக்குத் தூக்கம் வரும், சிலருக்கு அழுகை வரும். "கந்தகக் கோட்டை" படித்தால் சண்டை வரும். மொத்தம் ஏழு பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். மலைக்குள் ஒரு கோட்டை, மந்திரவாதிகள், பறக்கும் முதலை, அரியணைக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறும் அரச பிள்ளைகள். அதில் ஓட்டை கண்டுபிடிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கிற வாசகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் மட்டும் மூன்று பேர் இருந்தார்கள்.

மூத்தவன் அண்ணன். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. விபத்து என்று யாராவது பணம் கேட்டு வந்தால், எந்தக் கால் உடைந்தது, வலதா இடதா, அன்றைக்கு மழை பெய்ததா என்று குடைந்து குடைந்து கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன். கடைக்குட்டி தங்கை. ஊர் ஊராகப் போய் விமான நிறுவனத்துப் பெண்களுக்குச் சிரிக்கப் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். அது போக, "கந்தகக் கோட்டை" ஓட்டைகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு சேனல் நடத்துகிறாள், அதைப் பார்க்கவும் கூட்டம் இருக்கிறது. இந்த இருவருக்கும் நடுவில் பிறந்தவள்தான் நம் ஆள். பல் லேபில் வேலை. பிளாஸ்டர் அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, மோட்டாரில் பாலிஷ் போட்டு, ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு செய்து கொடுத்தவள். அதனால் அண்ணன் அவளை "பல்லு" என்றுதான் கூப்பிடுவான்.

அப்பாவுடன் இருப்பவளும் அவள்தான். பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. லேப் அடுத்த தெருவில் என்பதால் மெழுகு ஆறுகிற நேரத்தில் ஓடி வந்து புரட்டிப் படுக்க வைப்பாள், அக்ரிலிக் வேகிற நேரத்தில் ஓடி வந்து ஊட்டுவாள். கீழ் வீட்டு அம்மாள் இடையிடையே ஒரு காதை மாடிப் பக்கம் வைத்துக்கொள்வாள். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது லேப் முதலாளியம்மா வேறு ஊரில் கிளை திறக்கிறாள். அதை நடத்த இவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பொறுப்பு முழுக்க இவள் கையில், நாலு பேர் இவளுக்குக் கீழே, லேபுக்கு மேல்மாடியில் தங்க ஓர் அறை. லிஃப்ட் கிடையாது, அக்கம்பக்கம் தெரிந்த முகம் கிடையாது, அப்பாவை அங்கே தூக்கிக்கொண்டு போவது நடக்காத காரியம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். போவதென்றால் அண்ணனோ தங்கையோ அப்பாவை வைத்துக்கொள்ள வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

இதைச் சொல்ல அவள் போனில் எத்தனை தடவை வாயெடுத்தாள் தெரியுமா? வாராவாரம் கூப்பிடுவார்கள். "அப்பா எப்படி இருக்காரு?" "இருக்காரு." அதோடு அப்பா முடிந்தார். பிறகு ஆறாம் பாகத்தில் இளவரசியின் குதிரை ஏன் கறுப்பாக மாறியது என்று அரை மணி நேரம். நடுவில் இவள் "எனக்கு ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தால், "நேர்ல வரும்போது பேசலாம் பல்லு" என்பான் அண்ணன். நல்ல மனுஷன்தான், கெட்டவன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காது அவனுக்கு வேண்டியதை மட்டும் கேட்கும்.

ஏழாம் பாகம் வெளிவந்து, மூவரும் படித்து முடித்து, ஒரு சனிக்கிழமை நேரிலும் வந்துவிட்டார்கள். எதற்கு? அப்பாவைப் பார்க்க என்று சொன்னார்கள். வந்த கையோடு தங்கை கூடத்தில் முக்காலி ஸ்டாண்டை விரித்து அதில் போனை மாட்டினாள். உடன்பிறந்த மூவரும் உட்கார்ந்து ஓட்டைகளை அலசுகிற மாதிரி ஒரு பதிவு போட்டால் பிய்த்துக்கொண்டு போகுமாம்.

அண்ணன் அப்பாவுக்கு ஒரு பெரிய பொட்டலம் வறுத்த பாதாம் வாங்கி வந்திருந்தான். அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போய், அவள் செய்து கொடுத்த பல்செட் டப்பாவிலேயே கிடக்கிறது. எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு அது தெரியாது. பொட்டலத்தை அப்பாவின் வலது கையில் பாசமாக வைத்தான், அது நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் அதே கையில் வைத்தான், மறுபடியும் விழுந்தது. எந்தக் கால் உடைந்தது என்று ஊரைக் கேட்கிறவன். அவள் பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இந்த ஓட்டை விளையாட்டை ஆரம்பித்து வைத்ததே அப்பாதான். நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். முதல் பாகம் வந்தபோது மூன்று பிள்ளைகளையும் உட்கார வைத்து அவர்தான் வாசித்துக் காட்டினார். கதையில் எங்கேயாவது இடித்தால் அதைக் கேஸாகப் போடலாம். கேஸ் போட்டவர் ஒரு பக்கம், கதையைக் காப்பாற்றுகிறவர் ஒரு பக்கம். சாட்சி புத்தகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். "மந்திரத்தால் நடந்தது" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது, புத்தகத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய. அப்பா ஜட்ஜ். மேஜையை ஒரு தட்டுத் தட்டினால் கேள்வி நிற்கிறது என்று அர்த்தம். இரண்டு தட்டினால் தள்ளுபடி, அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. பேச்சு போன பிறகும் அந்தப் பதவி போகவில்லை. இடது கைக்கு உயிர் இருக்கிறதே, கட்டில் கம்பியில் தட்டினார். அன்றும் தலையணைகளை அண்டக் கொடுத்து அவரை நிமிர்த்தி வைத்திருந்தாள்.

பதிவு ஆரம்பித்தது. இரண்டாம் பாகத்தில் ஒடிந்த வாள் நான்காம் பாகத்தில் முழுசாக வந்தது எப்படி என்று தங்கை கேஸ் போட்டாள். கொல்லன் ஒருவன் வருகிறானே என்று அண்ணன் வாதாடினான், அந்தக் கொல்லன் மூன்றாம் பாகத்திலேயே செத்துவிட்டான் என்று தங்கை மடக்கினாள். அப்பா ஒரு தட்டு. பறக்கும் முதலை பாலைவனத்தைத் தண்ணீர் இல்லாமல் எப்படித் தாண்டியது என்று அண்ணன் கேட்டான். முதலைக்கு வயிற்றில் பை உண்டு என்று தங்கை பக்க எண்ணோடு சொன்னாள். இரண்டு தட்டு. வில்லனின் தழும்பு இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குத் தாவியதைப் பற்றி இருவரும் கால் மணி நேரம் கொதித்தார்கள். எழுதியவர் வாசகர்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று அண்ணனுக்கு ஆற்றாமை. தன்னை நம்பிப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள், ஒரு கன்னத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று கையை உதறினான். அவனுடைய கோபம் உண்மையான கோபம். பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளே என்னவோ சூடாகிக்கொண்டே வந்தது.

"அக்கா, உன் கேஸ்?" என்றாள் தங்கை, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

அவள் கேஸ் இதுதான். இரண்டாம் பாகத்தின் கடைசியில் அரசருக்கு விஷ அம்பு பட்டுக் கை கால் விழுந்துவிடுகிறது. மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையில் மருந்து தேடிக் கிளம்புகிறார்கள். கோட்டையைக் கந்தகப் புகை சூழ்கிறது, வேலைக்காரர்கள் ஓடிப்போகிறார்கள். "அரசரைத் தவிர அங்கே ஓர் உயிரும் இல்லை" என்று எழுதியிருக்கிறது. ஏழாம் பாகத்தில் பிள்ளைகள் திரும்பி வந்து கதவை உடைத்து நுழைகிறபோது அரசர் வெள்ளைத் துணியில் சுத்தமாகப் படுத்திருக்கிறார். முகச்சவரம் செய்திருக்கிறது. மூத்த இளவரசன் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறான். நாலைந்து வருஷம் அசையாமல் கிடந்த மனுஷரின் முதுகில் ஒரு புண் இல்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்தது யார், புரட்டிப் படுக்க வைத்தது யார், துணி மாற்றியது யார், அந்தத் தாடியை மழித்தது யார்?

அண்ணன் சிரித்தான். மந்திர உறக்கமாக இருக்கும் என்றான். புத்தகத்தில் அப்படி இல்லை, மூன்றாம் பாகத்தில் அரசர் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டுகிறார், யாருக்குக் காட்டினார் என்று அவள் கேட்டாள். ஏதாவது வேலைக்காரக் கிழவி தங்கியிருப்பாள் என்றான். ஓர் உயிரும் இல்லை என்று எழுதியிருக்கிறதே என்றாள். தங்கைக்கு முகம் சுருங்கியது. இது கொஞ்சம் சலிப்பான கேள்வி, பார்க்கிறவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், முதலை மாதிரி ஏதாவது எடு என்று கெஞ்சினாள்.

"பல்லு, எழுதுனவர் அதை எழுதலன்னா அது முக்கியமில்லைன்னு அர்த்தம்," என்றான் அண்ணன். "கதை மருந்து தேடிப் போனவங்களைப் பத்தி. படுத்திருக்கிறவரைப் பத்தி இல்ல. யாரோ பாத்துக்கிட்டாங்க, விடு."

யாரோ. அந்த ஒரு சொல்தான். வாள் ஒடிந்தால் கேட்கிறான், கன்னம் மாறினால் கொதிக்கிறான், ஒரு மனுஷரை வருஷக்கணக்கில் அள்ளிக் கொட்டிப் பார்த்துக்கொண்டது மட்டும் யாரோ. அண்ணன் கட்டில் பக்கம் திரும்பி, கைகூப்பி, கனம் ஜட்ஜ் அவர்களின் தீர்ப்பு என்ன என்று நாடகத்தனமாகக் கேட்டான்.

அப்பா அவளைப் பார்த்தார். இடது கை கம்பிக்கு மேல் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு தட்டினார். ஒன்று. இரண்டு.

தங்கை கைதட்டிச் சிரித்தாள். அண்ணன் பல்லுவின் தோளைத் தட்டிக் கொடுத்து, தள்ளுபடி, அடுத்த கேஸ் என்றான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் கையை ஊன்றி எழுந்து நின்றாள். அப்பா ஏன் இரண்டு தட்டினார் என்று அவளுக்குத் தெரியும். ஓரிரு நாளுக்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்து, புதுக் கிளை, மாடி அறை எல்லாவற்றையும் அவரிடம்தான் முதலில் சொல்லியிருந்தாள். அப்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இந்தக் கேள்வி நின்றால் அவள் போய்விடுவாள். அவருக்குப் பயம். இத்தனை வருஷம் யாருக்காக மெழுகையும் பிளாஸ்டரையும் போட்டுவிட்டு ஓடி ஓடி வந்தாளோ, அந்த மனுஷரே அவள் கேள்வியைத் தள்ளுபடி செய்துவிட்டார். அண்ணன் சொன்னதை விட இதுதான் சுட்டது.

"எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு," என்றாள். "கிளையை நான்தான் நடத்தணும். திங்கக்கிழமை பதில் சொல்லணும். போறேன்னு சொல்லப்போறேன். அப்பாவை உங்க ரெண்டு பேர்ல யார் வச்சுக்கப்போறீங்க?"

தங்கை போனை நிறுத்த எழுந்தாள். ஓடட்டும் என்று அக்கா கையைக் காட்டினாள். "பயப்படாத. எடிட்டிங்ல எடுத்துரு. உனக்குத்தான் அது நல்லா வருமே." தங்கை பாவம், நடுவழியில் நின்றுவிட்டாள்.

அண்ணனுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டான். சொல்ல வந்தபோதெல்லாம் குதிரையின் நிறத்தைப் பற்றி நீ பேசிக்கொண்டிருந்தாய் என்றாள். அவன் வீட்டில் இரண்டே அறை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, அண்ணிக்கு இடுப்பு வலி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். தங்கை தான் மாதத்தில் பாதி நாள் வீட்டிலேயே இருப்பதில்லை என்றாள். நல்ல முதியோர் இல்லமாகப் பார்க்கலாம், செலவு முழுக்கத் தன்னுடையது என்றான் அண்ணன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எனக்கும் இடுப்பு உண்டு, எனக்கும் நாட்கள் உண்டு, அதை யாராவது இதுவரை ஒரு வார்த்தை விசாரித்தீர்களா என்றுதான் கேட்டாள். குரல் ஏறிவிட்டது. கீழ் வீட்டு அம்மாளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அண்ணன் கடைசியாக ஒரு சீட்டை இறக்கினான். அதை அவன் இறக்கியிருக்க வேண்டாம். "அப்பாவே தீர்ப்பு சொல்லிட்டாரே பல்லு. அவருக்கு நீ இங்கேயே இருக்கணும். அவர் ஆசையையும் பாக்கணும் இல்ல?"

அவள் கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். அந்த வீட்டில் ஜட்ஜின் தீர்ப்பை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

"இந்தக் கேஸ்ல அப்பா ஜட்ஜா இருக்க முடியாது," என்றாள். "இதுல அவருதான் ராஜா."

பெஞ்ச் கிளார்க்காக வாழ்நாளைக் கழித்த மனுஷருக்கு இது விளங்காமல் போகுமா? சொந்த வழக்கில் எந்த ஜட்ஜும் உட்காரக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவர் கண் நிறைந்து, நீர் கோணிய வாயோரம் இறங்கியது. கம்பிக்கு மேல் இருந்த கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். தங்கை அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று அக்கா விட்டாள், அவளைத் தேற்றுவதும் நானேவா என்று ஒரு கணம் தோன்றியது.

மூத்தவன் முதல் ஆறு மாதம், சின்னவள் அடுத்த ஆறு மாதம், நானும் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து பார்த்துக்கொள்வேன் என்றாள். இல்லம் என்ற பேச்சு இன்னொரு தடவை வந்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்றாள். நாளைக்குச் சாயங்காலம் பஸ், டிக்கெட் எடுத்தாயிற்று என்றாள். டிக்கெட் எடுக்கவே இல்லை, கோபத்தில் வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதை விட அவளுக்கு மனசில்லை. உள்ளே போய்ப் பெட்டியை இழுத்துக் கதவருகே வைத்தாள்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். எந்தெந்த மாத்திரை எப்போது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடு என்றான். தோற்றவன் குரல் அது, ஆனாலும் அதில் அவளுக்கு ஆறுதல் இல்லை. எழுத மாட்டேன், கூட இருந்து பார்த்துக் கற்றுக்கொள் என்றாள். எழுதிக் கொடுத்தால் அதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் வாடை வந்தது. மூவருக்கும் வந்தது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பல்லு, அப்பாவுக்கு..." என்றான் அண்ணன், பழக்கத்தில். அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்தினான். அவள் அசையவில்லை. அவன் அவளைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தான்.

துணி எங்கே இருக்கிறது என்று கூடத் தெரியாமல் அலமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து மூடினான். "கீழ்த்தட்டு" என்று மட்டும் சொன்னாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியில் வெந்நீர் பிடித்து வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அப்பாவை இடப்பக்கமாகப் புரட்டாமல் வலப்பக்கமாகப் புரட்டினான். உயிரில்லாத கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு அப்பா முனகினார். அவளுடைய இரண்டு கையும் தானாக முன்னால் நீண்டன. இழுத்து மார்போடு கட்டிக்கொண்டாள். "கையை முதல்ல வெளியில எடு" என்றாள். எடுத்தான். நெற்றியில் வியர்வை, குமட்டலை அடக்கிக்கொண்டு துடைத்தான். தப்புத் தப்பாகத்தான் செய்தான். ஆனால் விட்டுவிட்டு வெளியே போகவில்லை.

அண்ணனின் தோளுக்கு மேலாக அப்பாவின் கண்கள் அவளைத் தேடி வந்தன. வந்து அவள் முகத்திலேயே நின்றன. வா என்று கூப்பிட அவருக்கு வாய் தேவையில்லை, இத்தனை வருஷமாக அந்தப் பார்வைக்கு ஓடி வந்தவள்தானே.

"என்னைப் பாக்காதீங்கப்பா," என்றாள். "அண்ணனைப் பாருங்க. அவன்தான் மாத்துறான்."

அவர் கண்களை எடுக்கவில்லை. அவளும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரமும் அடங்கவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டு, கட்டிய கையை அவிழ்க்காமல், அண்ணன் துணியை விரித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.